மாண்டரினும் ஸ்கூட்டரும் ஒரே தொட்டியில்: பந்தியில் யாருக்கு எந்த இலை?

கடல்நீர்த் தொட்டியில் வளரும் ஒரு மாண்டரின் மீனை ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். நீந்துகிறது என்று சொல்ல மனம் வராது. வயிற்றுத் துடுப்புகளை ஊன்றி, பாறைமேல் நடை பழகுவதுபோல் இரண்டு அடி வைக்கும். நிற்கும். கண்ணை மட்டும் உருட்டி ஓர் இடுக்கை உற்றுப் பார்க்கும். பிறகு சிறு வாய் குழல்போல் முன்னே நீள, ஒரே கொத்து. என்ன தின்றது என்று நமக்குத் தெரியாது. மறுபடி இரண்டு அடி. விளக்கு எரியும் நேரம் முழுக்க இதுதான் அதன் வேலை.

மாண்டரின், டிராகனெட் என்ற கடல்மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இதோடு ஸ்கூட்டர் போன்ற இன்னொரு வகை டிராகனெட்டைச் சேர்த்து விடலாமா என்று கேட்பவர்கள் முதலில் பயப்படுவது சண்டைக்கு. சண்டை பெரிய விஷயமில்லை. கண்ணெதிரே நடக்கும், பிரித்து விடலாம். இந்த மீன்களை வீட்டுத் தொட்டியில் அதிகம் கொல்வது பசி. அது சத்தம் போடாமல், ஒன்றிரண்டு மாதம் எடுத்துக்கொண்டு கொல்லும்.

டிராகனெட் குடும்பத்தில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கடைக்கு வருபவை சில மட்டுமே: நீலமும் ஆரஞ்சும் நெளிந்தோடும் மாண்டரின், பச்சை உடலில் வட்டப்புள்ளி போட்ட புள்ளி மாண்டரின், மணல் நிறத்து ஸ்கூட்டர், சுண்டுவிரல் அளவே உள்ள ரூபி சிவப்பு. கடைசியாகச் சொன்னது பிலிப்பைன்ஸ்காரர். கடைகளில் விலைபோன பிறகுதான், 2016-இல், அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. ஸ்கூட்டரைப் பலரும் ‘ஸ்கூட்டர் பிளென்னி’ என்கிறார்கள். அது பிளென்னி இல்லை, அசல் டிராகனெட். மாண்டரினின் நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. மற்ற மீன்களின் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறிக் காட்டும் வித்தை. இதன் தோலிலோ நீல நிறமியே நிறைந்த செல்கள் இருப்பதை 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அபூர்வம்.

பசிக்கு வருவோம். இவற்றின் இயற்கை உணவில் முக்கியமானவை கோப்பிபாட்கள்: பாறையிலும் பாசியிலும் ஊரும், ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத ஓட்டுயிர்கள். ஒரு வாய்க்கு ஒன்றுதான் அகப்படும். மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்குப் பத்துக் கொத்து, பத்து மணி நேரம் என்றால் 6,000 கொத்து. பாதி வீண் என்று தள்ளினாலும் 3,000 உயிர்கள், ஒரு நாளைக்கு, ஒரு மீனுக்கு.

தொட்டியிலுள்ள கோப்பிபாட்கள் வெப்பமான நீரில் இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். பெருகுகிற அளவுக்குள் மீன் தின்றால் என்றைக்கும் தீராது. அதைத் தாண்டினால் முட்டை சுமக்கும் பெண் கோப்பிபாட்களும் வாய்க்குள் போகும். விதைநெல்லைக் குத்திச் சமைத்த வீட்டின் கதைதான். ஒரு மீனைத் தாங்கிய தொட்டி இரண்டாவதையும் பாதி வயிற்றோடாவது தாங்கும் என்று எண்ணக் கூடாது. பெருக்கமே நின்று இரண்டும் சேர்ந்து மெலியலாம். ஒரு மாண்டரினுக்குக் குறைந்தது 280 லிட்டர், ஆறு மாதமாவது பழகிய தொட்டி, நிறைய உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை) என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். நீந்த இடம் வேண்டும் என்பதற்காக அல்ல. கையளவுகூட இல்லாத மீனுக்கு நீந்த எவ்வளவு இடம் வேண்டும்?

அப்படியானால் இரண்டு வகைகள் சேர்ந்து வாழ்வது எப்படி? ஆளுக்கொரு இலை போட்டால் முடியும். கடலில் மாண்டரின் ஒதுக்கமான காயல்களில், உடைந்த பவளக் கிளைகளுக்கு இடையே மேயும். ஸ்கூட்டர் மணலும் சரளையும் கலந்த திறந்த தரையில் மேயும். தொட்டிக்குள்ளும் இந்தப் பழக்கம் பெருமளவு நீடிக்கிறது: ஒன்றுக்குப் பாறை, மற்றதற்கு மணல். இலைகள் முற்றிலும் வேறு என்று சொல்ல முடியாது, பாறையில் பிறந்த கோப்பிபாட் மணலுக்கு இறங்கத்தானே செய்யும். ஆனாலும் மாண்டரின்–ஸ்கூட்டர் கூட்டணி, மாண்டரின்–புள்ளி மாண்டரின் கூட்டணியைவிடப் பல மடங்கு மேல். பின்னவை இரண்டும் அதே பாறையில், அதே வாய் அளவோடு, அதே இரையைத் தேடுபவை.

ஸ்கூட்டருக்கு இன்னொரு நல்ல குணம், உறையவைத்த உணவுக்குச் சீக்கிரம் பழகிவிடும். அது மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்னும் அளவுக்குக் கோப்பிபாட்கள் மாண்டரினுக்கு மிஞ்சும். மாண்டரினைப் பழக்க அன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) குஞ்சுகளில் தொடங்கி மெல்ல மாற்றவேண்டும். பண்ணையில் பிறந்த குஞ்சு கிடைத்தால் பாதி வேலை மிச்சம். ‘பந்திக்கு முந்து’ என்பது மாண்டரினுக்குத் தெரியாத பாடம். அது யோசித்து முடிப்பதற்குள் வேகமான மற்ற மீன்கள் தட்டைக் காலி செய்துவிடும். அதனால் வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குப்பியில் தீனி போட்டு அடியில் வைப்பார்கள். அவசரக்காரர்கள் அதற்குள் புக மாட்டார்கள். ஆறுகோட்டு ராஸ் (உடலில் ஆறு கோடுகள் உள்ள சிறு மீன்) போன்றவையோ நாள் முழுக்கக் கோப்பிபாட் வேட்டையாடுபவை. என்னைக் கேட்டால், இரண்டாவது டிராகனெட்டைவிட ஒரு ராஸ்தான் மாண்டரினுக்குப் பெரிய போட்டி.

விதைநெல்லுக்குக் குதிர் வேண்டும். தொட்டிக்குக் கீழே நீரைச் சுத்திகரிக்கும் துணைத்தொட்டியான சம்ப்பில் ஓர் அறையைத் தடுத்து, கீட்டோமார்ஃபா பாசியைச் சுருளாகப் போட்டு, மீன் நுழையாமல் விடுவதே ரெஃப்யூஜியம். அங்கே பெருகுபவை நீரோட்டத்தோடு மேலே வந்துகொண்டிருக்கும். கையிருப்பைப் பார்க்க எளிய வழி, விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் டார்ச் அடிப்பது. வெள்ளைப் புள்ளிகள் திடுதிடுவென ஓடினால் சரி. சில இரவுகள் தொடர்ந்து ஒன்றும் ஓடவில்லையென்றால் இரண்டாவது மீன் பேச்சை எடுக்காதீர்கள். மீனிடமும் கேட்கலாம்: தலைக்குப் பின்னால் வயிறு உள்வாங்கி, முதுகுத்தசை ஒடுங்கி விளிம்பு தெரிந்தால் அது பட்டினி.

சண்டையையும் சொல்லிவிடுகிறேன். ஆணின் முதல் முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டிருக்கும். ஓர் இனத்துக்கு ஓர் ஆண்தான். இரண்டு ஆண் மாண்டரின்களில் தோற்றதற்குத் தொட்டியில் ஓடி ஒளிய இடமில்லை, சாகும் வரை கடிபடும். மாண்டரினும் புள்ளி மாண்டரினும் நெருங்கிய உறவு என்பதால் அவற்றின் ஆண்களையும் ஒரே இனமாகவே எண்ணுவது நல்லது. ஸ்கூட்டர் ஆண் பாய்மரம்போல் துடுப்பை விரித்துக் கண்ணாடியில் தெரியும் தன்னையே மிரட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். பிரித்தே ஆகவேண்டும் என்றால் வலையால் பிடிக்காதீர்கள். செவுள் மூடியருகே உள்ள முள் வலையில் சிக்கும். உடலில் செதில் கிடையாது, கசப்பும் நாற்றமும் உள்ள வழும்புதான் அதன் கவசம், வலை அதையும் உரித்துவிடும். ஒரு டப்பாவுக்குள் ஓட்டிப் பிடியுங்கள்.

பலாவ் தீவுகளில் மாண்டரின்கள் அந்தி மயங்கும் நேரத்தில்தான் கூடுகின்றன. ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொண்டு தரையிலிருந்து மெல்ல எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, முட்டையும் விந்தும் விட்டுவிட்டுச் சட்டெனப் பிரிந்து கீழே பாயும். வயிறு நிறைந்த ஜோடி வீட்டுத் தொட்டியிலும் விளக்கு மங்கும் நேரத்தில் இதைச் செய்யும். முட்டைகள் மிதந்து ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதற்குள் அவை, நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியின் நுரையோடு அதன் குப்பிக்குப் போயிருக்கும்.