மஞ்சப்பையில் இல்லாத தேதி

"ஆபரேஷன் பண்ணினா அப்பா எத்தனை வருஷம் இருப்பாரு டாக்டர்?" குடியாத்தத்திலிருந்து வந்த மகன் கேட்டார். அப்பா லுங்கி நெய்பவர். புற்றுநோய்க்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்தாயிற்று. இப்போது அந்த நோய் பரவி நுரையீரலில் இரண்டு கட்டிகள். மஞ்சப்பை நிறைய ஸ்கேன் பிலிம்கள் இருந்தன. நான் தேடியது சிறுநீரகத்தை எடுத்த தேதியை. அது மட்டும் இல்லை. "ரொம்ப நாளாச்சுங்க" என்றார் அம்மா.

சிறுநீரகத்தை எடுத்தபின் நோய் எத்தனை காலம் தலைகாட்டாமல் இருந்தது என்பதில்தான் அதன் வேகம் தெரியும். சில வருஷம் கழித்து வந்த கட்டி வேறு, சிறுநீரகக் கட்டியோடு சேர்ந்தே தெரிந்த கட்டி வேறு. அப்புறம் எத்தனை கட்டிகள், எவ்வளவு பெரியவை, நெஞ்சின் நடுவே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்போம். எல்லாவற்றையும்விட முக்கியம், மிச்சமின்றி எடுக்க முடியுமா என்பது. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி ஆபரேஷன் செய்துகொண்ட 191 பேரை வைத்து ஜெர்மனியில் 2002இல் வெளியான ஆய்வில், கட்டி முழுதாக எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 41 பேர் 5 வருஷம் கடந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் 22 பேர்தான். இன்றைய மாத்திரைகளும், உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியும் வருவதற்கு முந்தைய கணக்கு அது.

ஆனால் ஒரு தனி மனிதரின் ஆயுளை இந்த எண் சொல்லாது. பார்னி, சர்ச்சில் என்ற அமெரிக்க டாக்டர்கள் 1939இல் இதே நோய் வந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் நுரையீரல் ஆபரேஷனுக்குப் பின் 23 வருஷம் வாழ்ந்து இதய நோயால்தான் இறந்தார்.

நுரையீரலில் சின்னக் கட்டி இருந்தால் இருமல்கூட வராது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு நார்மல் என்றதும் பலர் செக்கப்பை நிறுத்திவிடுகிறார்கள். அது மிச்சமுள்ள சிறுநீரகத்தின் கணக்கு, புற்றுநோய் திரும்பியதா என்று சொல்லாது. அதற்கு டாக்டர் சொன்ன தேதியில் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்து, அதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு ஒரு கிட்னி எடுத்திருக்கு, கேன்சர்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து மகன் மட்டும் வந்தார். ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்ததாம், பயாப்சி ரிப்போர்ட்டோடு. மடிப்பில் கிழிந்திருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது. கணக்குப் போட்டோம்: நாலு வருஷம் ஏழு மாதம்.

"நல்ல இடைவெளி தம்பி. ரெண்டு கட்டியையும் எடுத்துடலாம்னு தோணுது. நிணநீர் முடிச்சைப் பார்த்துட்டு ஆபரேஷனுக்கு நாள் சொல்றேன்" என்றேன். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டார்.