ஆர்செனிக்: அரிதாரத்தோடு பிறந்த சொல்

கூத்துக்காரர் முகத்தில் பூசும் அரிதாரத்துக்கும் வங்காளத்துக் குழாய்க்கிணற்று நீரில் கலந்த நஞ்சான ஆர்செனிக் என்ற தனிமத்துக்கும் உறவு உண்டு. அரிதாரம் முதலில் ஒரு மஞ்சள் கல்லின் பெயர். இரண்டு ஆர்செனிக் அணுவும் மூன்று கந்தக அணுவும் சேர்ந்த கனிமம் அது. சித்த மருத்துவர்கள் தாளகம் என்பார்கள். வேடம் கட்டுகிறவர்கள் அதை அரைத்துக் குழைத்துப் பூசினார்கள். நாளடைவில் மேடை ஒப்பனைக்கே அது பெயராகிவிட்டது. கதகளியில் முகத்துக்குத் தீட்டும் மனயோலையும் இந்தக் குடும்பத்துக் கல்தான்.

வடமொழியின் ஹரிதாலம் தமிழில் அரிதாரம் ஆனது. ஹரி என்றால் மஞ்சள். வடமொழியில் ஹகரம் வரும் இடத்தில் ஈரானிய மொழிகளில் பலமுறை ஜகரம் போன்ற ஒலி வரும். அங்கே அதே வேர் 'ஜர்', பொன் என்ற பொருளில். நம் பட்டுச்சேலையின் ஜரிகை அந்த 'ஜர்'தான். பொன்னிறக் கல்லுக்குப் பாரசீகர் வைத்த பெயர் சிரியாக் மொழியில் 'ஜர்னீகா' ஆகி, கிரேக்கர் காதில் 'அர்செனிகோன்' என்று விழுந்தது. கிரேக்கத்தில் 'அர்சென்' என்றால் ஆண். ஆகவே 'வீரியமுள்ளது' என்று தங்கள் மொழிக்குள்ளேயே பொருள் கண்டுகொண்டார்கள். கேட்க நன்றாயிருக்கும், ஆனால் வேர் அதுவல்ல. பிறகு இலத்தீன் வழியாக உலகெங்கும் ஆர்செனிக்.

தமிழில் என்ன சொல்வது? பலர் பாடாணம் (பாஷாணம்) என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை எழுதி அடித்திருக்கிறேன். பாஷாணம் என்றால் வெறும் கல். சித்த மருத்துவம் சொல்லும் 64 பாடாணங்களில் கந்தகமும் உண்டு, பாதரசம் கலந்த லிங்கமும் உண்டு. வெள்ளைப் பாடாணம் என்று அடை சேர்த்தால்தான் ஆர்செனிக்கின் ஆக்சைடைக் குறிக்கும். எனவே கனிமங்களுக்குத் தாளகம், மனோசிலை (சிவப்பு ஆர்செனிக் கல்) என்ற பழம்பெயர்கள் இருக்கட்டும். தனிமத்துக்கு ஆர்செனிக் போதும். தமிழில் அதன் உடன்பிறப்பான அரிதாரம் ஏற்கெனவே குடியிருக்கிறது, அந்நியம் பாராட்ட வேண்டியதில்லை.

தண்ணீரில் கரைந்த ஆர்செனிக்குக் கல்லின் மஞ்சள் கிடையாது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. மேற்கு வங்கத்தில் கிணற்று நீரில் அது இருப்பது 1983-இல் தோல் நோயாளிகள் வழியாகத்தான் வெளிப்பட்டது. வங்கதேசத்தில் அடிகுழாய்களைச் சோதித்து, குடிக்கக்கூடாததற்குச் சிவப்பும் குடிக்கலாம் என்பதற்குப் பச்சையும் பூசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு.

இவ்வளவு சிறிதைத் தனியே பிடிக்க ஒரு வழி, நீரில் கரையும் பாலிமர். கிரேக்கத்தில் 'பாலி' பல, 'மெரோஸ்' பங்கு. தமிழ்நாட்டுப் பாடநூலில் பலபடி, இலங்கையில் பல்பகுதியம். மூலத்தை அப்படியே சொல்வது இலங்கைச் சொல்தான். பழக்கத்தால் நான் பலபடி என்கிறேன். நீராலைகளில் கலங்கலைத் தெளியவைக்கும் பாலிடாட்மாக் போன்ற பலபடியின் நீண்ட சங்கிலி நெடுக நேர்மின்னேற்றம். ஒவ்வொன்றோடும் ஒரு குளோரைடு ஒட்டியிருக்கும். எதிர்மின்னேற்றமுள்ள ஆர்செனேட் (ஆக்சிஜனோடு சேர்ந்த ஆர்செனிக்) வந்தால் குளோரைடை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆர்செனேட் தனியாக இருந்தால் இம்முறையில் பயன்படும் நுண்துளைச் சவ்வில் நழுவிவிடும். பெரிய சங்கிலியோடு சேர்ந்தால் சவ்வு தாண்டாது, தண்ணீர் இறங்கிவிடும். சிலியின் கொன்செப்சியோன் பல்கலைக்கழகத்தில் இம்முறையை நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறார்கள். அந்நாட்டின் அன்டோபகாஸ்டா நகரம் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் மிகுந்த ஆற்றுநீரைக் குடித்த ஊர்.

சிக்கலும் உண்டு. வங்காளத்து நிலத்தடி நீரிலுள்ள ஆர்செனிக்கில் பெரும்பங்கு ஆர்செனைட் (ஆக்சிஜன் குறைந்த வடிவம்). அதற்கு மின்னேற்றம் இல்லை, சங்கிலியில் ஒட்டாது. முதலில் ஆக்சிஜனேற்றி ஆர்செனேட் ஆக்கவேண்டும். சல்பேட் நிறைந்த நீரில் அதுவும் இடத்துக்குப் போட்டியிடும்.

இதை 'ஆர்செனிக் அழிப்பு' என்று தலைப்பிடுவது தவறு. தனிமம் அழியாது. 'நீக்கம்' பரவாயில்லை, 'பிரிப்பு' இன்னும் துல்லியம். பலபடியை மறுபடி பயன்படுத்தக் கழுவினால் பிடிபட்டதெல்லாம் கொஞ்சம் நீரில் செறிந்து வெளியே வரும். அந்த நச்சுநீர்க் குடுவையை எங்கே வைப்பது என்பதற்குப் பலபடியிடம் பதில் இல்லை.