1765-ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டம்: அமெரிக்கக் குடியேற்றங்கள் எதற்கெல்லாம் தீர்வை கட்ட வேண்டியிருந்தது?

1765 மார்ச் 22 அன்று அரச ஒப்புதல் பெற்று, அதே ஆண்டு நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் முத்திரைத்தாள் சட்டம், வட அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களில் எழுதப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட ஏறத்தாழ எல்லா வகை ஆவணங்களுக்கும் தீர்வை விதித்தது. ஏழாண்டுப் போரால் (1756–1763) பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. போருக்குப் பின்னும் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டிருந்த படையின் செலவில் ஒரு பகுதியை அங்கு வாழ்பவர்களே ஏற்க வேண்டும் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் வாதிட்டார்.

நிலம் வாங்கும்போது நாம் முத்திரைத்தாளில் பத்திரம் எழுதுவதைப் போன்றதுதான் இதன் நடைமுறை. ஆனால் எல்லை மிக விரிந்தது. செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் அளவைப் பொறுத்து அரை பென்னி அல்லது ஒரு பென்னி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு, வழக்கறிஞர் உரிமத்துக்கு 10 பவுண்டு எனத் தீர்வை வகுக்கப்பட்டது. ஆங்கிலம் அல்லாத மொழியில் இருந்தால் இரு மடங்கு என்பதால், பென்சில்வேனியாவில் ஜெர்மன் மொழியில் அச்சிட்டு வந்தவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். தொகையையும் உள்ளூர்க் காகிதப் பணத்தில் செலுத்த முடியாது. ஸ்டெர்லிங் என்னும் பிரிட்டிஷ் நாணய மதிப்பில்தான் செலுத்த வேண்டும்.

சட்டத்தை மீறியவர்மீது, கடல் சார்ந்த வழக்குகளை விசாரிக்கும், ஜூரி இல்லாத கடற்படைத் துணை நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம் என்ற பிரிவைச் சிறியதாக எண்ண முடியாது. தம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வதை ஆங்கிலேயரின் பிறப்புரிமையாகக் கருதியவர்களுக்கு, அந்த உரிமை கடல் கடந்து வந்ததால் பறிபோனதாகவே பட்டது.

இங்கிலாந்திலேயே 1694 முதல் முத்திரைத் தீர்வை இருந்ததால், இது புதுமையானதல்ல என்று லண்டன் கருதியது. தமக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தம்மீது வரி விதிக்கலாமா என்பதே குடியேற்றங்களின் கேள்வி. வரி விதிக்கும் உரிமை தத்தம் சட்டமன்றங்களுக்கே உண்டு என்று அவை வாதிட்டன. ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரைத்தாள் விநியோக அதிகாரி ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தூக்கிலிடப்பட்டது. அவர் பதவி விலகினார். மற்ற இடங்களிலும் அதிகாரிகள் அவ்வாறே விலகினார்கள். அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடி மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் விண்ணப்பித்தார்கள். நவம்பர் 1 வந்தபோது, பதின்மூன்று குடியேற்றங்களில் பெரும்பாலானவற்றில் முத்திரைத்தாளை விற்க ஆளே இல்லை.

அமெரிக்க வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்க மறுத்ததால் நட்டமடைந்த பிரிட்டிஷ் வணிகர்களே சட்டத்தை நீக்கக் கோரினார்கள். 1766 மார்ச் 18 அன்று அது நீக்கப்பட்டது. குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று கூறும் வேறொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் அன்றே நிறைவேற்றியது.