க்ரூஃப்கி செய்யும்போது கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்

போலந்தின் க்ரூஃப்கி என்ற பால் மிட்டாயை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது அளவைத்தான். இனிப்புச் செய்முறை கற்றுக்கொடுப்பது என் தொழில். நான் முதலில் பாத்திரத்தைக் காட்டச் சொல்வேன்.

அளவு எளிதுதான். 30 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் அரை லிட்டர், சர்க்கரை 400 கிராம், வெண்ணெய் 50 கிராம், இரண்டு மேசைக்கரண்டி தேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்ட வேண்டும். இந்தக் கலவை பொங்கும். அதனால் கலவையைப் போல மூன்று மடங்காவது கொள்ளும், அடி கனத்த, உயரமான பாத்திரம் வேண்டும். கரண்டிக்கு நீளமான மரக்காம்பு இருக்கட்டும்.

க்ரூஃப்கியின் பொன்பழுப்பு நிறமும் மணமும் பெரும்பாலும் க்ரீமிலிருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால் வருகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். முக்கால் மணி நேரமாகியும் வெளுப்பாகவே இருக்கிறதே என்று பலரும் தீயைக் கூட்டிவிடுகிறார்கள். அடி பிடிப்பதும், குமிழ் வெடித்து மணிக்கட்டில் தெறிப்பதும் அப்போதுதான். கடைசிக் கால் மணி நேரத்தில் பாகு கெட்டியாகி 'பொளக் பொளக்' என்று கொதிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைக் குனிந்து உள்ளே பார்க்காதீர்கள். எசன்ஸ் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. க்ரூஃப்கியை இறக்கும் பதம் 116 முதல் 118 டிகிரி. சூடு அதிகம் என்பதோடு இன்னொன்றும் உண்டு: வெந்நீர் பட்டால் வழிந்து போய்விடும், பாகு தோலில் அப்பிக்கொண்டு ஆறும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். பதம் பார்க்கத் தெர்மாமீட்டர் வையுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டு, அது மெத்தென்று உருண்டு வருகிறதா என்று பாருங்கள். விரலால் வழித்து நாக்கில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதைவிட எனக்குப் பயம் தருவது கண்டென்ஸ்டு மில்க் டின். போலந்து வீடுகளில் அந்த டின்னை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துக் கைமாக் என்ற பால் கேரமல் செய்யும் பழக்கம் உண்டு. நடுவில் தண்ணீர் வற்றினால் உள்ளே அழுத்தம் ஏறி டின் வெடிக்கலாம். சூடு ஆறாமல் திறந்தாலும் பீய்ச்சியடிக்கும். இந்தக் குறுக்குவழியை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே கடைகளில் தயார் கைமாக்கே டின்னில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் கண்டென்ஸ்டு மில்க்கைத் திறந்த பாத்திரத்தில் ஊற்றிக் கிண்டிக்கொள்ளலாம்.

குழந்தைகளை ஒரேயடியாக விரட்ட வேண்டாம். பாகைத் தட்டில் ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, நீங்கள் துண்டு போட்ட பிறகு காகிதம் சுற்றும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். அதுவரை அடுப்புப் பக்கம் வர வேண்டாம். பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

மீறிச் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிய பாகைப் பிய்த்தெடுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஓடும் நீரிலேயே கரைந்து போகட்டும். வெண்ணெய், பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் தடவ வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, சுட்டது குழந்தையை என்றாலோ தண்ணீர் காட்டிய கையோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நிலைமை மோசமென்றால் 112-ஐ அழையுங்கள். போலந்திலும் இந்தியாவிலும் அதே எண்தான்.