குடத்திலிட்ட கியர்

போன பங்குனியில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வழியில் என் 18 கியர் சைக்கிளை நிறுத்தியது மேடும் அல்ல, பள்ளமும் அல்ல, உளுந்து. பறித்த செடியைச் சாலையில் பரப்பி, பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகட்டும் என்று விட்டுவிடுவது டெல்டாவில் பழகிப்போன காட்சி. காய்ந்த கொடி ஒன்று பின்சக்கரத்தின் கீழே தொங்கும் சின்ன உருளைகளில் சுற்றிக்கொண்டது. இன்னொரு மிதி மிதிப்பதற்குள் அந்த உருளைகளைத் தாங்கும் கை வளைந்து சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்துவிட்டது.

பக்கத்து ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்தார். “இதற்கு இங்கே சாமான் கிடைக்காது தம்பி” என்றார். செயினை வெட்டிக் குறுக்கி, ஒரே பல்சக்கரத்தில் பூட்டிக் கொடுத்தார். 18 கியர் வண்டி ஒற்றைக் கியரோடு வீடு வந்து சேர்ந்தது.

தொங்கிய அந்தக் கைக்கு டிரெய்லியர் என்று பெயர். பிரெஞ்சுச் சொல், தண்டவாளத்தைவிட்டு இறக்குவது என்று பொருள். செய்யும் வேலையும் அதுதான். ஓடும் செயினைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றும். மிஞ்சும் செயினை இரண்டு உருளைகள் ஸ்பிரிங் பலத்தில் இழுத்துப் பிடிக்கும். எடை குறைவு, மிதிக்கும் சக்தியும் அதிகம் வீணாவதில்லை. ஆனால் அத்தனையும் வெளியே, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது.

மாற்று, ஹப் கியர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்போமே, அதற்குள் மொத்தக் கியரும் அடங்கிவிடும். வெளியே ஒரு பல்சக்கரம், ஒரு செயின், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-இல் பிறந்த ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் குடம் இதில் பழம்பெருமை உடையது.

அதைத் திறந்தால் எனக்குச் சூரியனார் கோயில் நினைவுக்கு வரும். நடுவில் அச்சோடு ஒட்டிய, 20 பல் கொண்ட சூரியச் சக்கரம், அது சுழலாது. சுற்றிலும் ஒரு கூண்டில் கோத்த நான்கு கிரகச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பல். எல்லாவற்றையும் வளைத்து, உட்புறத்தில் 60 பல் கொண்ட ஒரு வளையம்.

வித்தை இந்த எண்களில் இருக்கிறது. சூரியனின் ஆரம் 1 பங்கு என்றால் கிரகத்தின் ஆரமும் 1, வளையத்தின் ஆரம் 3. கிரகத்தின் மையம் அச்சிலிருந்து 2 பங்கு தள்ளி நிற்கிறது. இப்போது ஓடும் மாட்டுவண்டியைப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நகர்வதில்லை. குடம் வண்டியின் வேகத்தில் போகிறது. சக்கரத்தின் உச்சி அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. கிரகச் சக்கரத்துக்குச் சூரியன்தான் தரை. செயின் கூண்டைச் சுற்றும்போது கிரகத்தின் மையம் 2 பங்கு வேகத்தில் ஓடினால், வெளி விளிம்பு 4 பங்கு வேகத்தில் வளையத்தைத் தள்ளும். வளையத்தின் ஆரமோ 3. ஆகவே கூண்டு ஒரு சுற்று சுற்றினால் வளையம் 4/3 சுற்று சுற்றியாக வேண்டும். அந்த வளையம் சக்கரத்தை இழுத்தால் அது மூன்றாம் கியர். வளையத்தைச் செயின் சுற்றி, கூண்டு சக்கரத்தை இழுத்தால் 3/4. அது முதல் கியர். நடுக்கியரில் கிரகங்களைக் கேட்பாரில்லை, செயினின் சுற்று அப்படியே சக்கரத்துக்குப் போய்விடும்.

இதை நின்றபடியும் மாற்றலாம். மதகடியில் ஆடுகள் மறித்து, திடீரென்று நிற்க நேர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். டிரெய்லியரில் செயின் ஓடினால்தான் கியர் மாறும்.

தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் மேலே இருக்கிறது. நாகப்பட்டினக் கடற்கரை 80 கிலோமீட்டருக்கு அப்பால். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூடத் தேறாது. எங்களுக்கு மலை என்றால் காற்றுதான். ஆடியில் மேலைக்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும்போது அதே வேகத்தில் மிதித்தால், காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அங்கேதான் மூன்று கியர் குடம் என்னைச் சோதிக்கிறது. நடுக்கியரில் நிமிடத்துக்கு 60 முறை சுற்றிய கால், அதே வேகத்துக்கு முதல் கியரில் 80 முறை சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. டிரெய்லியரின் படிகள் இதைவிட நெருக்கமானவை. நெடும்பயணத்துக்கு 8 கியர் குடம் மேல். ஜெர்மனியின் ரோலாஃபில் 14 கியர்கள், ஒவ்வொரு படியும் ஒரே அளவு, உள்ளே எண்ணெய்; விலையோ ஒரு மோட்டார் சைக்கிளை எட்டும்.

ஹப் கியர் கனமானது, கொஞ்சம் சக்தியையும் தின்னும். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு நிற்கும் கொல்லிமலைக்கு நான் டிரெய்லியரைத்தான் எடுத்துப்போவேன். கோடியக்கரைக்குப் போக, பழையதாக வாங்கிய மூன்று கியர் குடம் போதும். வண்டல் சேறு, வைக்கோல், உளுந்துக் கொடி எதுவும் உள்ளே போவதில்லை. செயின் அறுந்தால் சாதாரண சைக்கிளின் செயினே பொருந்தும்.

பின்சக்கரத்தைக் கழற்றுவதுதான் வம்பு என்பார்கள். அச்சின் துளையிலிருந்து வரும் பொடிச் சங்கிலியைக் கேபிளிலிருந்து திருகி விடுவித்த பிறகே நட்டைத் தளர்த்த வேண்டும். ஆனால் நம் கடைக்காரர்கள் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை; டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை வெளியே இழுத்துவிடுகிறார்கள். இதுவரை எனக்கு இரண்டு பஞ்சர். இரண்டு முறையும் அந்தச் சங்கிலியை யாரும் தொடவில்லை.