கறை எங்கே படிய வேண்டும்?

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதுதான் ஏற்றிய தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். இரும்புச் சத்துள்ள தண்ணீர் என்றால் லேசாக மஞ்சளாகி, அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் விழவில்லை. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இரும்பு ஃபெரஸ் வடிவில், நிறமே இல்லாமல் கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது ஃபெரிக்காக மாறுகிறது. ஃபெரிக் தண்ணீரில் கரையாது, படிந்துவிடும். வாஷ்பேசினிலும் வெள்ளைத் துணியிலும் ஏறும் துருக்கறை இதுதான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே கறை தெரிய ஆரம்பிக்கும்.

துருக்கறையின் மேல் பிளீச் ஊற்றுவது இதனால்தான் எதிர்விளைவைத் தருகிறது. பிளீச் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். தண்ணீரில் கரைந்து மிச்சமிருக்கும் இரும்பையும் அந்த இடத்திலேயே படிய வைத்துவிடும். சிட்ரிக் அமிலமோ ஆக்சாலிக் அமிலமோ இரும்பைப் பிடித்து மறுபடி கரைய வைக்கும். ஆனால் பிளீச்சும் அமிலமும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெள்ளைப் படிவும் கரைந்துதான் வருகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று லேசான அமிலத்தன்மை பெறுகிறது; வழியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்கிறது. தண்ணீர் சூடானாலும், துளி உலர்ந்தாலும் அந்த வாயு வெளியேறிவிடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். கீசருக்குள்ளும் ஷவர் துளைகளிலும் அடைப்பது அதுதான். வினிகர் பட்டால் நுரைத்துக் கரையும். மார்பிள் தரைக்கு மட்டும் வினிகர் வேண்டாம். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான் என்பதால் கறையோடு தரையின் பளபளப்பும் போய்விடும்.

கருப்பாகப் படிந்தால் பெரும்பாலும் மாங்கனீசு. ஈரமான மூலைகளில் வரும் இளஞ்சிவப்புப் படலம் பொதுவாகத் தண்ணீரின் தாதுவால் வருவதில்லை, அது பாக்டீரியா. தேய்த்துக் கழுவி, இடத்தை உலர வைத்தாலே போதும்.

சரி, தேய்த்துக்கொண்டே இருக்காமல் என்ன செய்வது? இரும்பு எப்படியும் படியத்தான் போகிறது, அதை நாம் சொல்லும் இடத்தில் படிய வைக்கலாம். தொட்டிக்குள் விழும் தண்ணீரைச் சிறு துளிகளாகத் தெளித்துக் காற்றுப்பட விட்டால், குழாயில் நடக்க வேண்டிய மாற்றம் தொட்டியிலேயே நடந்துவிடும். பிறகு மணல் வடிகட்டி அந்த வண்டலைப் பிடித்துக்கொள்ளும். மாங்கனீசு இவ்வளவு சுலபமாக மாறாது. அதற்கு மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய வடிகட்டி மணலோ, அளவாகக் குளோரினோ தேவைப்படும். எந்த வடிகட்டியானாலும் தண்ணீரை எதிர்த்திசையில் ஓட விட்டு அவ்வப்போது அலச வேண்டும்.

கால்சியத்துக்குக் காற்று உதவாது. அங்கேதான் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வருகிறது. அதிலுள்ள ரெசின் மணிகள் ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் அலசினால் பழைய நிலைக்குத் திரும்பும். இது மாற்று வேலை, நீக்கும் வேலை இல்லை. ஆகவே தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளவு குறையாது. அதைப் பார்த்து இயந்திரம் வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் குடிநீர்க் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுவது நல்லது. இரும்பு நீக்கும் வடிகட்டியும் சாஃப்ட்னருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரெசின் மணிகள் மேல் துரு படிந்து கெட்டுப்போகும். யு.வி. (புற ஊதா) விளக்கு கிருமியைத்தான் முடக்கும். கறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீலப்பச்சைக் கறைக்கு வழி வேறு. அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வீட்டின் செம்புக் குழாயையே அரித்துக் கொண்டுவருகிறது என்பதற்கு அது அடையாளம். இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் குடிக்காமல் சற்று ஓட விட வேண்டும். நிரந்தரத் தீர்வுக்கு, கிணற்றுத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் துகள் நிரப்பிய தொட்டி வழியே அனுப்புவார்கள். துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அமிலத்தைத் தணிக்கும். அதற்கு ஈடாகத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் ஏறும்.