ரேந்தை

பாவாடை விளிம்பிலும் தலையணை உறை ஓரத்திலும் வைத்துத் தைக்கிறோமே, ஓட்டை ஓட்டையாய்ப் பூ விழுந்த நாடா, அதை ‘லேஸ்’ என்கிறோம். இதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? மொழிபெயர்ப்பவர்கள் சிலர் ‘சரிகை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. சரிகை பொன், வெள்ளி இழை. சீருடைகளில் தைக்கும் பொன்னிழை நாடாவையும் ஆங்கிலேயர் லேஸ் என்றதால் வந்த குழப்பமாக இருக்கலாம்.

லேஸின் வேர் இலத்தீனின் ‘லாக்வெயுஸ்’. சுருக்குக் கயிறு, கண்ணி என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. மாடு பிடிக்கும் ‘லாசோ’வும் அதே வேர்தான். இன்றைய பிரெஞ்சுக்காரர்களோ விளிம்பைப் பார்த்துச் ‘சிறு பல்’ என்னும் பொருளில் ‘தந்தெல்’ என்கிறார்கள்.

‘பின்னல்’ என்று சொன்னால் என்ன? நல்ல சொல்தான். ஆனால் திருப்பூர் அதைப் பின்னலாடைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொள்கிறது. லேஸ் எந்திரத்தில் நடப்பது வேறு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் நிற்க, காசு போல் மெல்லிய பித்தளைச் சுருள்கள் அவற்றின் இடையே ஊசலாடி, நூலோடு நூலை முறுக்குகின்றன. இங்கிலாந்தின் லேஸ் நகரமான நாட்டிங்ஹாமில் எந்திரக்காரர்களுக்கு ‘ட்விஸ்ட்ஹேண்ட்’, அதாவது முறுக்காள், என்றே பெயர்.

கைவேலைக்காரப் பெண்கள் தலையணைமேல் குண்டூசி குத்திச் செய்த அந்த முறுக்கை எந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹீத்கோட். 1809இல் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோ ஊரில் அவருடைய 55 எந்திரங்களை எந்திர எதிர்ப்பாளர்கள் இரவோடிரவாக நொறுக்கினார்கள். அவர் டெவன் பகுதியின் டிவெர்ட்டனுக்குத் தொழிலை மாற்றினார். தொழிலாளர் பலர் அவ்வளவு தூரமும் நடந்தே போனார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1813இல் ஜான் லீவர்ஸ் செய்த எந்திரத்தோடு 1841இல் பூ வடிவத்தை இயக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை சேர, பூவேலையும் எந்திரத்துக்கு வசப்பட்டது. ஏற்றுமதித் தடை இருந்த காலத்திலேயே எந்திரங்கள் கள்ளத்தனமாகக் கடல் தாண்டி, பிரான்சின் கலே நகரமும் லேஸ் ஊரானது.

இனி நம் சொல். போர்த்துக்கீசியரின் ‘ரெந்தா’ தமிழில் ‘ரேந்தை’ ஆனது. இலங்கைத் தமிழர் இன்றும் இயல்பாய்ச் சொல்வது இதைத்தான். இந்தக் கைத்தொழில் நம் தெற்கிலும் வேரூன்றியது. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லின் மனைவி, இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார்.

அயற்சொல் என்று தயங்க வேண்டாம். சாவியும் ஜன்னலும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான். கையால் செய்வது கைரேந்தை, நாட்டிங்ஹாமில் பிறந்தது எந்திர ரேந்தை. பூவில்லாத வெறும் அறுகோண வலையை ரேந்தை வலை என்று எழுதுகிறேன்.